தொங்கலில் முடுக்கிய போல்ட்

பாலு காரின் பின்சக்கரத்து ஆர்மைக் கழற்றித் தரையில் போட்டபோது அன்புக்கரசிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு தகடு. நடுவில் லேசாக நெளிந்திருந்தது, அவ்வளவுதான். இந்த நெளிசலுக்காகவா போன பந்தயத்தில் மூன்றாவது வளைவில் வெள்ளச்சி பம்பரமாகச் சுற்றி, செம்மண்ணைத் தலையில் வாரிப் போட்டுக்கொண்டு, பார்த்தவர்கள் அத்தனை பேரும் வாயில் ஈ போவது தெரியாமல் நிற்கும்படி ஆயிற்று?

“இத்துனூண்டு நெளிசலா?” என்றாள்.

“உனுக்கு இத்துனூண்டு. இதுனாலதான் சக்கரமே உள்பக்கம் சாஞ்சிச்சி. பின்சக்கரத்த வண்டியோட சேத்துப் புடிச்சினு கீறதே இந்தக் கைதான். கை சுளுக்கினவன் கைல போயி கேஸ் சிலிண்டர குடுத்தா தூக்குவானா?”

வெள்ளச்சி என்பது அவர்களுடைய கார். தொண்ணூறுகளில் செய்த சின்னச் செடான். அபிராமபுரத்தில் ஸ்ரீரங்கன் என்பவர் வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்ததை பாலுதான் எழுப்பிக் கொண்டுவந்தான். ஸ்ரீரங்கன் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். வண்டியைக் கொடுத்துவிட்டாரே தவிர, விட்டுக்கொடுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தரம் ஆட்டோ பிடித்து சைதாப்பேட்டைக்கு வந்து, ஆற்றை ஒட்டிய சந்தில் பாலுவின் பட்டறையைத் தேடிப் பிடித்து, கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க வந்தவர்போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்.

அன்புக்கரசிக்குப் பிழைப்பு அடையாறில் பள்ளிக்கூட வேன் ஓட்டுவது. பின்னால் இருபது வாண்டுகள், முன்னால் இருபது சிக்னல்கள். மூன்றாவது கியருக்கு மேல் போட்டால் அன்றைக்கே யாராவது ஒரு அம்மா புகார் சொல்லிவிடுவாள். இப்படி வருஷக்கணக்கில் அடக்கி ஒடுக்கி ஓட்டியவளுக்குள் எவ்வளவு வேகம் சேர்ந்து கிடந்தது என்பது, கடற்கரைச் சாலையில் நகரத்தைத் தாண்டி இருக்கிற மைதானத்தில் ஒரு கிளப்புக்காரர்கள் நடத்திய மண் பந்தயத்தில் முதல்முதலாக இறங்கிய அன்றுதான் பாலுவுக்கே தெரிந்தது. கூம்புகளை நட்டு வளைத்து வளைத்துப் பாதை போட்டிருப்பார்கள். ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான். கடிகாரத்தோடு போட்டி. அன்றைக்கு இறங்கி வந்தவளின் முகத்தைப் பார்த்து, கல்யாணத்தன்றுகூட இவள் இப்படிச் சிரிக்கவில்லையே என்று பாலு கொஞ்சம் பொறாமைப்பட்டான்.

இப்போது விஷயம் வேறு மாதிரி முற்றிவிட்டது. ஒரு ராலி அணி அடுத்த சீசனுக்கு ஒரு பெண் ஓட்டுநரைத் தேடிக்கொண்டிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் பெண்கள் பிரிவில் யார் முதலில் வருகிறாளோ அவளுக்கு அந்த அணியின் வண்டி. மலை, காடு, செம்மண், ஊர் ஊராகப் பயணம். அன்புக்கரசிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. வேனில் பிள்ளைகள் பாடினால் இவளும் சேர்ந்து பாடினாள். சிக்னலில் பச்சை விழுந்ததும் கால் தானாகத் துடித்தது.

நெளிந்த கையோடு ஞாயிற்றுக்கிழமை போக முடியாது. புதுக் கை வாங்கிப் போட்டாலும் அதுவும் அதே இடத்தில் நெளியும் என்றான் பாலு. ஆர்மைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைக் காட்டினான். மேல்பக்கமும் இரண்டு ஓரமும் தகடு, அடியில் ஒன்றுமில்லை. மூடி போடாத மழைத்தண்ணீர்க் கால்வாய் மாதிரி திறந்து கிடந்தது.

“ரோட்ல ஓட இது போதும். மண்ல குதிச்சிக் குதிச்சி ஓட்னா விரிஞ்சிக்கும். அதனால இன்னா பண்றேன், அடியில ஒரு தகட்ட வெச்சி மூடி பெட்டி மாதிரி ஆக்கிட்றேன். ஸ்பிரிங்கு குந்துற எடத்துல ரெண்டு பக்கமும் முக்கோணமா தாங்கு குடுக்குறேன். அப்பறம் நீ சுவத்து மேலயே ஏத்து, கேக்க மாட்டேன்.”

“சுவத்து மேல ஏத்தட்டுமா நெஜமா?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மே!”

புதன்கிழமையிலிருந்து பட்டறையில் வேறு வேலை ஓடவில்லை. பழைய கடையொன்றில் கிடந்த நல்ல கை ஒரு ஜோடியைப் பாலு தேடிப் பிடித்து வந்தான். அட்டையில் வெட்டி அளவு பார்த்து, தகட்டை அறுத்து, ஓரம் ராவி, தடித்த இரும்பு உத்திரத் துண்டு ஒன்றில் கையை அசையாமல் போல்ட் போட்டுப் பூட்டினான். வெல்டிங் வைக்கும்போது சூட்டில் கை முறுக்கிக்கொண்டால் சக்கரம் கோணலாகிவிடும். அதனால் இந்த முனையில் விரலளவு ஒரு பற்று, அந்த முனையில் ஒரு பற்று, ஆறவிட்டு நடுவில் ஒரு பற்று. வேன் ஓட்டம் முடிந்து நேராக வந்து நிற்கும் அன்புக்கரசிக்கு இந்த நிதானம் பொறுக்கவில்லை.

“ஒரேயடியா இஸ்த்துட்டு போயேன்யா.”

“உன்னாட்டம் நானும் ஓட்னா ரெண்டு கையும் முறுக்கு ஆயிடும்.”

வெல்டிங் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கையைப் பிசைந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு கைகளும் கறுப்புப் பெயின்ட் அடித்து மேசைமேல் பளபளத்துக்கொண்டு கிடந்தன. அவற்றின் முனைகளில் புது ரப்பர் புஷ்களைப் பாலு இறுக்கிப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தான். நடுவில் இரும்புக் குழல், சுற்றி கெட்டி ரப்பர், வெளியே வளையம், மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியவை. சக்கரம் ஏறி இறங்கும்போது கையும் ஏறி இறங்க வேண்டுமல்லவா, அப்போது அந்த ரப்பர்தான் முறுகிக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அன்புக்கரசி ஒரு கையைத் தூக்கிப் பார்த்தாள். முன்னைவிட கனம். குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் மாட்டுகிற வேலை. வெள்ளச்சி நான்கு ஸ்டாண்டுகள்மேல் ஏறி, சக்கரம் இல்லாமல் நின்றாள். பாலு அடியில் படுத்துக் கைகளைப் பொருத்தி, போல்ட்களை விரலால் திருகி நுழைத்துவிட்டு வெளியே வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. ஸ்ரீரங்கன், ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பை. பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழமும் ஒரு கற்பூரப் பொட்டலமும் எட்டிப் பார்த்தன.

“இன்னும் மேலேயே நிக்கறதா? போச்சு போ!” என்றார் இறங்கும்போதே. “ஒன்பது மணிக்கு ராகு காலம் வந்துடும் பாலு. புதுசா ஒரு அங்கம் வெச்சுண்டு வண்டி பூமியைத் தொடறது. ராகு காலத்துலயா தொடும்? அதுக்குள்ளே இறக்கி எலுமிச்சம்பழத்து மேல ஏத்திடு. அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ.”

பாலுவுக்கு இதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் அன்புக்கரசிக்கு இருந்தது. அவளுக்கு அந்த வாரம் எல்லாவற்றிலும் நம்பிக்கை இருந்தது. காலையில் காக்கை கத்தினால்கூட அதற்கும் ராலி அணிக்கும் சம்பந்தம் வைத்துப் பார்த்தாள். “யோவ், சார் சொல்றாருல்ல, எறக்குயா!” என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அவ்வளவுதான், பட்டறை அமர்க்களப்பட்டது. பாலு போல்ட் முடுக்குகிற காற்றுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அடியில் பாய்ந்தான். டர்ர்ர், டர்ர்ர் என்று ஒவ்வொரு போல்ட்டாக இறுகிற்று. இறுக்கிய போல்ட் தளர்ந்தால் தெரிய வேண்டும் என்று வழக்கம்போல ஒவ்வொன்றின் தலையிலிருந்து கைவரைக்கும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்தான். அன்புக்கரசி சக்கரங்களை உருட்டி வந்து மாட்டினாள். ஸ்ரீரங்கன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “இன்னும் ஏழு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்” என்று வானொலி நிலையம்போல அறிவித்துக்கொண்டிருந்தார். ஜாக்கி இறங்கியது. வெள்ளச்சி தரையைத் தொட்டாள். கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்தடியிலும் பழம் வைத்து, அன்புக்கரசி சாவியைத் திருப்பி நகர்த்த, நாலு பழமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிதுங்கி நசுங்கின. மணி ஒன்பதாகச் சில நொடிகள் பாக்கி. மூன்று பேரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். பக்கத்து டீக்கடைக்காரர்கூடத் தட்டினார், எதற்கென்று அவருக்குத் தெரியாது.

“பின்னாடி கொஞ்சம் தூக்கினாப்பல இல்ல?” என்று கேட்டாள் அன்புக்கரசி. நடு மதியத்தில், ஓட்டிப் பார்க்கப் புறப்படும்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. வெள்ளச்சியின் பின்பக்கம் வாத்தைப்போல எழும்பி நின்றது.

“புது ரப்பருல்ல, ஓட ஓட எறங்கிடும்” என்றான் பாலு.

ஸ்ரீரங்கனும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பாலத்தைத் தாண்டி, அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டிக் கொட்டிவாக்கம் போகிற வரைக்கும் வண்டி ஓடவில்லை, குதித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்ரீரங்கனின் உச்சந்தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. முதல் இரண்டு தடைக்கு “பேஷ், நல்ல ஸ்ட்ராங்” என்றவர் மூன்றாவதுக்கு “ராமா” என்றார். அன்புக்கரசி முதுகைச் சீட்டில் அழுத்திப் பார்த்தாள். அவளுடைய இடுப்பும் முதுகும் ஸ்டியரிங்கைவிட அதிகம் சேதி சொல்லும். வேனில் பிள்ளைகள் ஏறினால் பின்பக்கம் இறங்கும், இறங்கினால் எழும்பும். அது வண்டியின் மூச்சு. இந்த வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. திருப்பத்தில் வேகமாகத் திருப்பிப் பார்த்தாள். பின்சக்கரங்கள் ரோட்டில் ஒட்டாமல் தட்டித் தட்டிக்கொண்டு ஓரமாக நழுவின.

கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்துப் போகிற ஒரு தெருவில், மர நிழலில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

“இதோட நான் நாளைக்கி எறங்க மாட்டேன்.”

“இன்னா அன்பு, ராவாப் பகலா...”

“நீ ராவாப் பகலா ஒழைச்ச. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இவ ஒக்கார மாட்டேங்குறா பாலு. நான் இன்னா அமுக்குனாலும் தூக்கிக்கினே நிக்கிறா. நாளைக்கி மண்ல இப்டித் தட்டுச்சின்னா எனுக்கு ஓட்டமும் இல்ல, டீமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

குரல் உடைந்துவிட்டது. பாலு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கம் குனிந்து டார்ச்சை அடித்தான். மஞ்சள் கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன, போல்ட் தளரவில்லை. ஆனால் ரப்பர் புஷ்களைப் பார்த்தான். ஒரு பக்கம் பிதுங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி, பிழிந்த துணிமாதிரி முறுகிக் கிடந்தன. வண்டி ஓடவே இல்லை, சும்மா நிற்கிறது. நிற்கிறபோதே முறுகிக்கொண்டிருந்தால்?

தார் ரோட்டிலேயே எழுந்து உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

“கஸ்மாலம் நானு. தொங்கவுட்டு முடுக்கிட்டேன்.”

“இன்னாயா?”

“ஸ்டாண்டு மேல நிக்கச்சொல்ல கையி கீய தொங்கினு இருந்திச்சி. அந்தத் தொங்கல்லயே போல்ட்ட முடுக்கிட்டேன். அதுதான் தன்னோட எடம்னு ரப்பரு நெனச்சிக்கிச்சி. இப்ப கீய எறக்கினதும், கையி மேல வந்திச்சா, ரப்பரு முறுக்கிக்கினு ‘என்ன என் எடத்துக்கு வுடு, வுடு’ன்னு வண்டியத் தூக்குது. கழுத்தத் திருப்பி வெச்சிக்கினே கட்டுப் போட்டா எப்டி இருக்கும், அப்டி. சக்கரம் தரையில கீறப்போதான் முடுக்கணும். இத்த ஊருக்கே சொல்லிக் குடுத்தவன் நானு. மூணு நாளா பாத்துப் பாத்துப் பண்ணிட்டு, கடேசில...”

கடைசியில் என்ன ஆயிற்று என்பதை அவன் சொல்லவில்லை. மூன்று பேருக்குமே தெரியும். ஸ்ரீரங்கன் குடையை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். முகத்தில் அசடு வழிந்தது.

“நான்னா அவசரப்படுத்தினேன்” என்றார் மெல்ல.

“நானுந்தான் சார் கத்தினேன்” என்றாள் அன்புக்கரசி. அவளுக்கு அழுகையெல்லாம் எங்கே போயிற்றோ, கண்ணில் ஒரு வெளிச்சம் ஏறியிருந்தது. “அப்ப கையில கோளாறு இல்லியா? வெல்டிங்ல இல்லியா?”

“வெல்டிங்க யானை வந்தாலும் ஒடைக்க முடியாது.”

“ரப்பரு கிஞ்சிச்சா?”

பாலு மறுபடி குனிந்து விரலைவிட்டுத் தடவினான். “கிழியல. முறுகிதான் கீது.”

“அப்ப இங்கியே அவுத்து முடுக்குயா! இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற?”

ஒரு வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு, தடித்த பலகைகள் நாலு வாங்கி வந்தார்கள். பின்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தான் பாலு. ஒரு ஆள் நுழைகிற இடம் கிடைத்தது. டிக்கியில் இருந்த, போல்ட் கழற்றுகிற பெரிய பானாவையும் இரும்புக் குழாயையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஊர்ந்தான்.

“அன்பு, நீ சீட்ல ஒக்காரு. நாளைக்கி எப்டி ஒக்காருவியோ அப்டி.”

“ஒக்காந்துட்டேன்.”

“ஹெல்மெட்டு?”

“நிக்கிற வண்டிக்கு ஹெல்மெட்டாயா?”

“நாளைக்கி அதோடதான ஓட்டப் போற? அதுவும் கனம்தான, போடு.”

மத்தியான வெயிலில், ஓரங்கட்டி நிற்கிற காருக்குள் ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு ஒரு பெண் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீன் கூடையோடு போன அம்மாள் ஒருத்தி நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

“நானும் ஏறி உக்காரட்டுமா பாலு? கனம் வேணும்னா நான் இருக்கேன்” என்றார் ஸ்ரீரங்கன்.

“வோணாம் சார். நாளைக்கி நீங்க உள்ள இருக்க மாட்டீங்க.”

அவர் குடையைப் பாலுவின் காலுக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பழக்க தோஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. சனிக்கிழமை இரண்டு மணி என்றால் எமகண்டம். வாயைத் திறந்தார். அன்புக்கரசி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு கடல் இருக்கிற திசையில் திரும்பிக்கொண்டார். ஐம்பது வருஷப் பஞ்சாங்கத்தை அந்த மனுஷர் அன்றைக்கு விழுங்கினார், அது சாதாரண காரியம் இல்லை.

அடியிலிருந்து பாலுவின் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. பானாவில் குழாயை மாட்டி மிதித்தான். முதல் போல்ட் கிறீச்சிட்டது. பிறகு, ‘டொப்’.

அன்புக்கரசிக்கு அது காதில் கேட்பதற்கு முன்னால் இடுப்பில் கேட்டது. வண்டியின் வலது பின்பக்கம் மெதுவாக இறங்கியது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தவள் கடைசியில் ஒரு முக்காலியைக் கண்டு உட்கார்ந்த மாதிரி. இன்னொரு ‘டொப்’. இடதும் இறங்கியது. வெள்ளச்சி உட்கார்ந்துவிட்டாள்.

“பாலூ!” என்று அலறினாள்.

“இன்னா, இன்னா ஆச்சி?” அடியில் மண்டை இடித்துக்கொள்கிற சத்தம்.

“ஒக்காந்துட்டாயா! ஒக்காந்துட்டா! எனுக்குத் தெரியிதுயா!”

“நகராத! நகராத அன்பு, மூச்சு வுடாத, முடுக்கிக்கிறேன்!”

மூச்சு விடாமல் இருக்க முடியுமா? அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டுக்குள் கண்ணீரும் வந்துகொண்டிருந்தது, துடைக்க வழியில்லை. கீழே அவன் ஒவ்வொரு போல்ட்டாக அழுத்தி முடுக்க முடுக்க, அவன் கையின் பலம் தகரத்தின் வழியாக, சீட்டின் வழியாக அவள் முதுகுக்கு வந்து சேர்ந்தது. கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு நெருக்கமாக எதுவும் பேசிக்கொண்டதில்லை.

திரும்பி வரும்போது வேகத்தடைகள் இருந்தன என்றே தெரியவில்லை. ஸ்ரீரங்கன் பின்சீட்டில் தூங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கொடியும் கூட்டமும் ஒலிபெருக்கியும் அமர்க்களமாக இருந்தது. வண்டிகளைச் சோதித்து அனுமதிக்கிறவர் ஷரஃபுதீன். கறாரான ஆள். போன தடவை வெள்ளச்சி சுற்றியதை நேரில் பார்த்தவர். “அம்மா, இந்த வாட்டி அது ஒடிஞ்சா ஒங்க கழுத்தும் சேந்து ஒடியும், தெரியுமில்ல?” என்று சொல்லிவிட்டு அடியில் படுத்தார். சின்னச் சுத்தியலால் கைகளைத் தட்டினார், காதைக் கொடுத்துக் கேட்டார். வெல்டிங் தையலை நகத்தால் கீறினார். உள்ளே தண்ணீர் தேங்காமல் வடிய ஓட்டை விட்டிருக்கிறதா என்று குச்சியை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, கண்ணாடியில் அனுமதி ஸ்டிக்கரை ஒட்டினார். பாலு அதற்கப்புறம்தான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தான்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம். இரண்டில் எது வேகமோ அது கணக்கு. பெண்கள் பிரிவில் எல்லாருடைய கண்ணும் ஸஹானாமேல். அடையாற்றுப் பெண், புது வண்டி, கைதேர்ந்த ஓட்டம். முதல் ஓட்டத்திலேயே எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

அன்புக்கரசியின் முதல் ஓட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. வெள்ளச்சி சொன்ன பேச்சைக் கேட்டாள். முதல் வளைவில் ஒட்டினாள், இரண்டாவதில் ஒட்டினாள். மூன்றாவது வந்தது, போன தடவை சுற்றின அதே பள்ளம். கால் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழுந்துவிட்டது. அவள் எடுக்கவில்லை, கால் எடுத்துக்கொண்டது. அதோடு வேகம் போயிற்று. ஸஹானாவுக்குப் பின்னால் மூன்றாவது இடம்.

வண்டியை ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். பாலு சன்னலில் குனிந்தான்.

“மூணாவதுல கால எடுத்துட்ட.”

“நான் எடுக்கல. அதுவா வந்துடிச்சி.”

அவன் சன்னலை விட்டு நிமிர்ந்தான். பின்பக்கம் போய் வண்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து, தன் கனம் முழுக்கப் போட்டு அமுக்கினான். வெள்ளச்சி இறங்கி, எழும்பி, அமைதியாக நின்றாள். இன்னொரு தரம் அமுக்கினான். அன்புக்கரசி சீட்டில் உட்கார்ந்தபடியே அதை வாங்கிக்கொண்டாள். இறங்கினாள், எழும்பினாள். நேற்று மத்தியானம் போலவே. போதும் என்று கையைக் காட்டினாள்.

இரண்டாவது ஓட்டத்துக்குக் கொடி விழுந்தபோது அவள் காதில் ஒலிபெருக்கி விழவில்லை. மண் எகிறியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. இதோ பள்ளம். கால் எழுந்தது, ஆமாம், மறுபடியும் எழத்தான் பார்த்தது. “குந்துடி!” என்று காலைப் பார்த்துக் கத்தினாள், அது காலுக்குச் சொன்னதா வண்டிக்குச் சொன்னதா தெரியாது. கால் தரையோடு அழுந்தியது. வெள்ளச்சி பள்ளத்தில் பாய்ந்தாள், பின்பக்கம் முழுக்க இறங்கி அமுங்கியது, ஒரு சத்தம், ஒரே ஒரு கெட்டியான சத்தம், உடனே எழும்பி மண்ணைப் பற்றிக்கொண்டு கூம்பை உரசாமல் வளைந்து வெளியே வந்தாள். அதற்கப்புறம் மீதி இருந்த வளைவுகளெல்லாம் அன்புக்கரசிக்கு விளையாட்டு. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டேதான் எல்லைக்கோட்டைத் தாண்டினாள்.

வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி, பலகையில் நேரத்தை எழுதுகிற இடத்துக்கு ஓடினாள். பெண்கள் பிரிவில் இவளுடையதுதான் கடைசி ஓட்டம்; ஸஹானா முன்னமே ஓடி முடித்து அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். எண்களைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், கட்டிப்பிடித்துக்கொண்டாள். “ஒரு கண் சிமிட்ற நேரம்தாங்கா வித்தியாசம்! எப்படிங்கா அந்தப் பள்ளத்துல கால எடுக்காம போனீங்க?”

அன்புக்கரசிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மலை, காடு, செம்மண், எல்லாம் அவளுக்கு! பாலு எங்கே? பாலுவிடம் சொல்ல வேண்டும். கூட்டத்தில் இல்லை. குழாயடியில் இல்லை. திரும்பி ஓடினாள். வெள்ளச்சியின் பின்பக்கம் மறுபடி ஜாக்கியில் ஏறி, பக்கத்தில் ஸ்டாண்டும் வைத்திருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு வெறுங்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

“ஒண்ணும் ஆவல!” என்று காருக்கடியிலிருந்து குரல் குதித்தது. அவள் வந்ததைக் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். “அன்பு, பள்ளத்துல அந்த அடி வாங்கியும் ஒரு கோடு வுழல! ஒரு மயிரிழ விரிசல் கெடயாது! அய்யோ, ஷோக்கா கீதும்மே!”

“நான் ஜெயிச்சிட்டேன்யா.”

“ரப்பரு கூட அப்டியே... இன்னா சொன்ன?”

“மொதல் எடம். டீமு வண்டி எனுக்குத்தான்.”

அடியில் மண்டை இடித்துக்கொண்டது. கால்கள் மண்ணில் உதைத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தன. அன்புக்கரசி அந்தக் கால்களைப் பிடித்து நிறுத்திவிட்டு, புது பந்தய உடுப்போடு அப்படியே செம்மண்ணில் மல்லாந்து படுத்து உள்ளே ஊர்ந்தாள். இரண்டு பேரும் தோளோடு தோள். அவன் முகம் முழுக்க மண், அதில் பல் மட்டும் தெரிந்தது.

“நீ இன்னாத்துக்கு இங்க வர? போயி வாங்கும்மே!”

“வாங்கிக்கிறேன். மொதல்ல இத்தக் காட்டு.”

டார்ச்சை அவன் வண்டியின் இடது கைமேல் அடித்தான். உலர்ந்த மண்ணை அவள் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாள். அடியில் வெல்டிங் தையல் விரலளவு விரலளவாக, அவள் பொறுமையில்லாமல் நின்று பார்த்த அதே பற்றுகள். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள்.

ஒலிபெருக்கி அவள் பெயரைக் கூப்பிட்டது. இரண்டாவது தரமும் கூப்பிட்டது. யாரோ தடதடவென்று ஓடிவருகிற சத்தம், பிறகு பம்பருக்குக் கீழே ஸ்ரீரங்கனின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

“அடியில என்ன பண்ணிண்டிருக்கேள் ரெண்டு பேரும்? மேடைல கூப்பிடறா!”

“கூப்புடட்டும் சார்” என்றாள் அன்புக்கரசி. “யோவ், இப்ப டார்ச்ச அந்தப் பக்கம் அடி.”